பேக்ஹேண்ட் எங்கே தப்புகிறது? பந்து போகும் இடத்தை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

டென்னிஸில் வலது கைக்காரர் தன் இடப்பக்கம் வரும் பந்தை அடிப்பதுதான் பேக்ஹேண்ட். "என் பேக்ஹேண்ட் சரியில்லை" என்று சொல்பவரிடம், "தப்பும்போது பந்து எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லா இடத்துக்கும் போகுது" என்பார். உண்மையில் அப்படிப் போகாது. ஒவ்வொருவருக்கும் வாடிக்கையான ஒரு தவறு இருக்கும். ஒருவருக்கு நெட், ஒருவருக்கு இடது சைட்லைனுக்கு வெளியே, இன்னொருவருக்குக் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டி வேலி. பத்துப் பந்து தவறினால் அதில் ஆறு ஏழு ஒரே இடத்தில்தான் விழுந்து கிடக்கும். ஆடி முடித்துப் பந்து பொறுக்கும்போது கவனித்தாலே தெரிந்துவிடும். அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு கீழே உள்ளதில் உங்களுக்கான பகுதிக்குப் போங்கள். எல்லாம் வலது கைக்காரர்களுக்காக எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

அதற்கு முன் எல்லாரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பேக்ஹேண்டில் கையைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கைக்கு வேலை வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

முதல் சோதனை: பந்து குத்தும் நேரத்தில் ராக்கெட் எங்கே?

போனை உங்களுக்குப் பின்னால் உள்ள வேலியில் மாட்டி, ஸ்லோ மோஷனில் பத்து நிமிடம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பேக்ஹேண்டிலும், எதிராளி அடித்த பந்து உங்கள் பக்கம் தரையில் குத்தும் அந்தக் கணத்தில் வீடியோவை நிறுத்துங்கள். இரண்டு விஷயம் பாருங்கள். வலது தோள் நெட் பக்கம் திரும்பியிருக்கிறதா? ராக்கெட் பின்னால் போயிருக்கிறதா?

பந்து குத்தும்போதும் ராக்கெட் வயிற்றுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால், மற்ற அறிகுறிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். நெட்டில் விழுவது, வெளியே போவது, ஃபிரேமில் படுவது எல்லாமே இந்த ஒரே தாமதத்தில் இருந்து வருபவை. இதைச் சரிசெய்ய, எதிராளி அடிக்கும் கணத்தில் சின்னதாக ஒரு ஸ்பிளிட் ஸ்டெப், அதாவது இரண்டு காலையும் அகட்டி ஒரு துள்ளல், போடுங்கள். பந்து உங்கள் இடப்பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடன் தோளைத் திருப்புங்கள். பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் அந்தத் திருப்பம் முடிந்திருக்க வேண்டும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடுபவர்கள் இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் தோள் தானாகத் திரும்பும். மோவாய் வலது தோளுக்கு மேல் வந்து நின்றால் போதுமான அளவு திரும்பியாயிற்று என்று அர்த்தம். இரண்டு கைக்காரர்களுக்கும் இதே கதைதான். கையை மட்டும் பின்னால் கொண்டுபோகாமல், தோளைத் திருப்பிக் கையை அதோடு போக விடுங்கள்.

சோதிக்கும்போது பந்து நல்ல பந்தாக இருக்கட்டும். விதிப்படி ஒரு டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்தில் இருந்து விட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும். பல கோர்ட்டுகளில் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருக்கும் பந்துகள் அந்த உயரத்தை மறந்து மாதக்கணக்காகிறது. புதுப் பந்து ஒன்றையும் பழையது ஒன்றையும் ஒரே உயரத்தில் இருந்து விட்டுப் பாருங்கள். முழங்காலுக்கு மேல் எழாத பந்தை வைத்துக்கொண்டு பேக்ஹேண்ட் நெட்டில் விழுகிறது என்று ஸ்விங்கை மாற்ற ஆரம்பித்தால், நல்ல ஸ்விங்கும் கெட்டுப்போகும்.

சரி, திருப்பம் நேரத்துக்கு நடக்கிறது, பந்தும் நல்ல பந்து, ஆனாலும் தவறுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: பந்து நெட்டில் விழுகிறது

முதலில் எங்கே குறிவைக்கிறீர்கள் என்று பாருங்கள். நெட்டின் உயரம் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. நேராக, அதாவது டவுன் த லைன் அடித்தால் உயரமான பகுதியைத் தாண்ட வேண்டும். கோர்ட்டின் நீளமும் 78 அடிதான். குறுக்கே, கிராஸ் கோர்ட் அடித்தால் தாழ்வான நடுப்பகுதிக்கு மேலே போகும். சிங்கிள்ஸ் கோர்ட்டின் மூலைக்கு மூலை ஏறக்குறைய 82 அடி கிடைக்கும். பேக்ஹேண்ட் தடுமாறும் காலத்தில் நேர் ஷாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் குறுக்கே அடியுங்கள். அதுவும் நெட்டை உரசிக்கொண்டு வேண்டாம், நெட்டுக்கு மேல் மூன்றடி. டிவியில் பார்ப்பவர்களுக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் அடிப்பதெல்லாம் நெட்டை ஒட்டிப் போவதுபோல் தெரியும். அது கேமரா கோணம் செய்யும் வேலை.

அடுத்தது ராக்கெட் பந்துக்குக் கீழே இறங்குகிறதா என்பது. இடுப்பு உயரத்தில் வரும் பந்துக்கு, ஸ்விங் முன்னால் கிளம்பும் முன் ராக்கெட் தலை தொடை அளவுக்காவது இறங்கியிருக்க வேண்டும். வீடியோவில் இறக்கத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் முடிவைப் பாருங்கள். ஃபாலோ த்ரூ, அதாவது அடித்தபின் ராக்கெட் போகும் பாதை, தோளுக்கு மேல் முடிந்தால் கீழிருந்து மேலே போயிருக்கிறீர்கள். இடுப்பருகே பக்கவாட்டில் முடிந்தால் பந்தைத் தட்டையாகத் துடைத்திருக்கிறீர்கள்.

தாழ்வான பந்தில் மட்டும் நெட்டில் விழுகிறதென்றால் முழங்கால்தான் காரணம். இடுப்பை வளைத்துக் குனிபவர்களுக்கு ராக்கெட் தலை கீழே தொங்கும், முகம் தரையைப் பார்க்கும். முழங்காலை மடக்கி இறங்கினால் தோள் நிமிர்ந்தே இருக்கும்.

பயிற்சிக்கு, நெட் கம்பங்களோடு நீளமான கம்பு இரண்டைச் சேர்த்துக் கட்டி, நெட்டுக்கு மேல் மூன்றடியில் கயிற்றை இழுத்துக்கட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர் பந்தைக் கையால் கீழே விட, நீங்கள் கயிற்றுக்கு மேலாக அடியுங்கள். வேகம் வேண்டாம். கயிற்றைத் தாண்டி, பேஸ்லைனுக்குள் விழுந்தால் டாப்ஸ்பின், அதாவது பந்தை இறங்க வைக்கும் முன்சுழற்சி, வர ஆரம்பித்துவிட்டது.

அறிகுறி: பந்து இடது சைட்லைனுக்கு வெளியே போகிறது

வார இறுதி ஆட்டக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் எளிது. வலது கைக்காரரின் பேக்ஹேண்டில் ராக்கெட் இடமிருந்து வலமாகச் சுழன்று வருகிறது. பந்தைத் தாமதமாகத் தொட்டால், அந்தக் கணத்தில் ராக்கெட் முகம் இன்னும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். பந்தும் அங்கேதான் போகும்.

எங்கள் கோர்ட்டுக்குக் காலையில் வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவருக்கு இந்தக் கோளாறு பல வருடமாக இருந்தது. பந்து இடப்பக்கம் போகிறதே என்று, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தோசை திருப்புவதுபோல் திருப்பி வலப்பக்கம் இழுப்பார். சில நாள் அது சரியாக விழும், அன்று சந்தோஷம். மற்ற நாட்களில் ஃபிரேமில் பட்டுப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். "சார், பந்து குத்தும்போது உங்க ராக்கெட் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு தம்பி பாத்தா!" என்றார். வீடியோவைக் காட்டினோம். பந்து குத்தி எழும்பும்வரை ராக்கெட்டை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோளைச் சீக்கிரம் திருப்ப வைத்ததும் தோசை நின்றுவிட்டது.

திருப்பம் சரியாக இருந்தும் இடப்பக்கம் போனால், பந்தைத் தொடும் இடம் உடம்புக்கு மிக அருகில் அல்லது பின்னால் இருக்கிறது. ஒற்றைக் கைக்கு அந்த இடம், முன்னால் வைத்த வலது காலுக்கும் சுமார் ஓர் அடி முன்னால், கை நீண்டிருக்கும் நிலையில் இருக்கும். இரண்டு கைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், முன் இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் போதும். உங்கள் இடம் எது என்று கண்டுபிடிக்க, நெட் கம்பத்தின் அருகே பக்கவாட்டில் நின்று ராக்கெட் முகத்தைக் கம்பத்தில் வைத்து அழுத்துங்கள். கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து தள்ள முடிகிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கிருந்து அரை அடி பின்னால் நகர்ந்தால்கூடக் கை மட்டும்தான் தள்ளும், மணிக்கட்டு மடங்கும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை உணர்ந்துவிட்டால் கோச் சொல்லும் "முன்னாடி அடிங்க" என்பதற்குப் பொருள் புரியும்.

மாறாக வலப்பக்கம் வெளியே போகிறதென்றால், சீக்கிரம் அடிக்கிறீர்கள் அல்லது அடிக்கும்போதே மார்பை நெட் பக்கம் திறந்துவிடுகிறீர்கள். ஒற்றைக் கைக்காரர்களுக்கு மருந்து இடது கையில் இருக்கிறது. வலது கை முன்னால் போகும்போது இடது கை பின்னால் நீளட்டும், மார்பு பக்கவாட்டிலேயே நிற்கும்.

அறிகுறி: பந்து மிதந்து பேஸ்லைனைத் தாண்டுகிறது

இதில் முதல் சந்தேகம் கிரிப், அதாவது ராக்கெட்டைப் பிடிக்கும் விதம். ராக்கெட்டின் முகம் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி பிடித்துக் கைப்பிடியின் அடியைப் பாருங்கள். எட்டுப் பக்கம் இருக்கும். மேலே உள்ள தட்டையான பக்கம் 1, அங்கிருந்து வலப்பக்கமாக 2, 3, 4 என்று எண்ணுங்கள். ஆள்காட்டி விரலின் அடிமூட்டு எந்தப் பக்கத்தில் உட்கார்கிறது என்பதுதான் கணக்கு. 4-இல் வைத்து ஃபோர்ஹேண்ட் (வலப்பக்கம் வரும் பந்துக்கான ஷாட்) அடித்துவிட்டு அதே பிடியில் பேக்ஹேண்டுக்கும் போனால், ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கும். ஒற்றைக் கை டாப்ஸ்பினுக்கு மூட்டு 1-க்கு வர வேண்டும். இரண்டு கைக்கு வலது கை 2-இல், அதாவது கான்டினென்டல் பிடியில் இருக்கும். அதற்கு மேலே இடது கை, இடது கைக்காரர் ஃபோர்ஹேண்ட் அடிக்கப் பிடிப்பதுபோல் பிடிக்கும்.

பிடி மாற்றுவதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். தோள் திரும்பும் அதே நேரத்தில் இடது கை ராக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும், தனி நேரம் தேவையில்லை. டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என்று மாற்றிப் பழகலாம். வீட்டில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள்.

கிரிப் சரியாக இருந்தும் மிதந்தால், எடை பின்னங்காலில் தங்கிவிட்டது. அடித்து முடித்தபின் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று பார்த்தால் தெரியும்.

அறிகுறி: தோள் உயரத்துக்கு எழும் பந்தில் மட்டும் தடுமாற்றம்

இதற்காக வெட்கப்பட வேண்டாம். ரோஜர் ஃபெடரரையே வருடக்கணக்கில் படுத்திய பந்து இது. இடது கைக்காரரான நடாலின் டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட், ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேல் எகிறும். களிமண் தரையில் இன்னும் மோசம். ஃபெடரர் 2014-இல் தலைப்பரப்பு 90 சதுர அங்குலமான ராக்கெட்டை விட்டு 97-க்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டத்தில் பேஸ்லைனை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டில் அடித்து ஐந்து செட்டில் வென்றார். அதாவது பந்தைத் தோளுக்கு எழ விடவே இல்லை.

நமக்கு மூன்று வழி. ஒன்று, இரண்டு மூன்று அடி பின்னால் போய்ப் பந்து இடுப்புக்கு இறங்கும்வரை காத்திருப்பது. இரண்டு, முன்னால் போய் எழும்பும்போதே அடிப்பது. மூன்று, ஸ்லைஸ், அதாவது பந்துக்குப் பின்சுழற்சி கொடுத்துத் தாழ்வாக அனுப்புவது. வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்கு என் ஓட்டு முதலாவதற்குத்தான். எழும்பும்போது அடிப்பதற்குத் தேவையான நேரக்கணிப்பு பயிற்சி இல்லாமல் வராது. பின்னால் போகக் கால் இருந்தால் போதும். ஆனால் பின்னால் இடம் இருக்க வேண்டும். பல அடுக்குமாடிக் குடியிருப்புக் கோர்ட்டுகளில் பேஸ்லைனுக்குப் பின்னால் நான்கடியில் சுவர் இருக்கும். அங்கே ஸ்லைஸ்தான் கதி.

இரண்டு கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, மேலே வரும் பந்தையும் இடது கை தாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கை அருகிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்கள் தரவரிசை 1973-இல் தொடங்கியதில் இருந்து, 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாக முதல் பத்தில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவரும் இல்லாமல் போனார்.

"அப்போ நானும் மாறிடலாமா?" என்பவர்களுக்கு: பழைய சாம்பியன்களான சாம்ப்ராஸும் எட்பெர்க்கும் இதற்கு நேர் எதிராக, இரண்டு கையில் இருந்து ஒற்றைக் கைக்கு மாறினார்கள். ஆனால் சிறுவயதில் மாறினார்கள், பழக எவ்வளவோ காலம் கையில் இருந்தது. நாற்பது வயதில் உயரப் பந்து மட்டும்தான் பிரச்சினை என்றால் பேக்ஹேண்டையே மாற்றுவது அதிகப்படி. எல்லா உயரத்திலும் ஒற்றைக் கை தள்ளாடுகிறது என்றால் மட்டும் இரண்டு கையை யோசிக்கலாம்.

அறிகுறி: இரண்டு கையாலும் அடித்தும் பந்தில் கனம் இல்லை

வலது கை இழுக்கிறது, இடது கை சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு கை பேக்ஹேண்டை இடது கை ஃபோர்ஹேண்ட் என்று நினைத்துக்கொள்வதே பாதி வைத்தியம்.

வலது கையை எடுத்துவிட்டு, இடது கையை வழக்கமான இடத்திலேயே வைத்துக்கொண்டு சர்வீஸ் கோட்டருகே நின்று மெதுவாக இருபது பந்து அடியுங்கள். முதல் ஐந்தாறு அசிங்கமாகத்தான் இருக்கும். அப்புறம் வலது கையைச் சேருங்கள், ஆனால் அது ராக்கெட்டைக் கீழே விழாமல் பிடித்தால் போதும் என்ற அளவுக்கு. அந்த ஒரு மாற்றத்திலேயே பந்தின் சத்தம் வேறாகக் கேட்கும்.

அறிகுறி: முழங்கையின் வெளிப்பக்கம் வலி

பெரும்பாலும் ஒற்றைக் கைக்காரர்களின் பிரச்சினை. முழங்கை முன்னால் நீட்டிக்கொண்டு வர, மணிக்கட்டு மடங்கிய நிலையில் பந்தைத் தொட்டால், அதிர்ச்சி முழுவதும் முழங்கை வெளிப்பக்கத் தசைநாரில் இறங்கும். மேலே சொன்ன தாமதமும் ஃபோர்ஹேண்ட் கிரிப்பும் சேர்ந்தால் இந்த வடிவம் தானாக வந்துவிடும்.

சாமானையும் பாருங்கள். பாலியஸ்டர் நரம்பை இறுக்கக் கட்டியிருந்தால், மென்மையான நரம்புக்கு மாறுங்கள், இறுக்கத்தையும் சில பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள். நம் வெயிலில் இன்னொன்று உண்டு. வியர்வையில் கிரிப் வழுக்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்கிப் பிடிப்போம், அதுவும் முழங்கைக்குத்தான் போகும். கைப்பிடியில் சுற்றும் ஓவர்கிரிப் நாடா கறுத்துப் பளபளக்கும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். தண்ணீர் டம்ளரைத் தூக்கும்போதே வலிக்கிறதென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பட்டை கட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடுபவர்கள் பிறகு பல மாதம் உட்கார நேர்கிறது.

அறிகுறி: ஸ்லைஸ் தாழ்ந்து போகாமல் எழுந்து நிற்கிறது

கீழே வெட்டுகிறீர்கள். ஸ்லைஸில் ராக்கெட் தோள் உயரத்தில் தொடங்கும், ஆனால் அதிகம் போக வேண்டியது முன்னால், கீழே அல்ல. கான்டினென்டல் பிடி, லேசாகத் திறந்த முகம், அசையாத மணிக்கட்டு. ஸ்டெஃபி கிராஃபின் பழைய ஆட்டங்களைப் பார்த்தால், அடித்தபின் ராக்கெட் எவ்வளவு தூரம் முன்னால் போகிறது என்பது தெரியும். உங்கள் ஸ்லைஸ் நல்லதா என்று அறிய, முதல் குத்துக்கும் இரண்டாம் குத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் நீளமாக இருந்தால் பந்து சறுக்குகிறது. பக்கத்திலேயே குத்தினால், எதிராளிக்குப் பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அறிகுறி: பயிற்சியில் நன்றாக இருக்கிறது, மேட்சில் காணாமல் போகிறது

சர்வ் ரிட்டர்னில், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும்போது மட்டும் என்றால் ஸ்விங் பெரிதாக இருக்கிறது. தோளைப் பாதி திருப்பி, ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகாமல், வரும் வேகத்தையே பயன்படுத்தித் தடுத்து அனுப்புங்கள்.

பந்து மாறி மாறிப் போய்வரும் ராலியிலும் காணாமல் போகிறதென்றால் பயிற்சியைத்தான் மாற்ற வேண்டும். கோச் கூடையில் இருந்து ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் போடும் பந்தை அடிக்கும்போது காலுக்கு வேலையே இல்லை. மேட்சில் எந்தப் பந்தும் அப்படி வராது. பேக்ஹேண்டைத் தவிர்க்க இடப்பக்கமே ஒதுங்கி நிற்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், எதிராளி வலப்பக்கம் ஓட விடுவார், திரும்பி வரும்போது பேக்ஹேண்டை ஓடிக்கொண்டே அடிக்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பாதிக் கோர்ட் ஆட்டம் ஆடுங்கள். இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் பேக்ஹேண்டுக்குப் பேக்ஹேண்ட், குறுக்கே மட்டும், 11 புள்ளி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பேஸ்லைனின் நடுக்குறியைக் காலால் தொட்டுவிட்டு வர வேண்டும். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் புள்ளி போச்சு, சுற்றி ஓடி ஃபோர்ஹேண்ட் அடித்தாலும் போச்சு. எதிராளி நல்ல நண்பராக இருந்தால், நடுக்குறியைத் தொடாமல் ஏமாற்றும்போது கத்தச் சொல்லுங்கள்.